கைநாட்டு

1963-ம் வருஷம், மார்ச் மாதம். அமெரிக்காவின் தெற்கே மிஸ்ஸிஸிப்பி மாநிலம். அங்கே அவலான் என்று ஒரு குக்கிராமம். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. ஒரு கடை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள், சுற்றிலும் வயல். அவ்வளவுதான்.

அந்த ஊருக்குள் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்கியவர் ஒரு வெள்ளைக்கார இளைஞர். பெயர் டாம் ஹாஸ்கின்ஸ். வாஷிங்டன் பக்கத்திலிருந்து வருகிறார். கடையில் விசாரிக்கிறார். இங்கே ஜான் ஹர்ட் என்று யாராவது இருக்கிறாரா? கிடார் வாசிப்பார், பாடுவார்.

கேட்கும்போதே அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவர் தேடி வந்த மனிதர் கடைசியாக இசைத்தட்டுக்குப் பாடியது 1928-ல். முப்பத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதே உலகத்துக்குத் தெரியாது. ஒரே ஒரு துப்புதான் இருந்தது. அந்தப் பழைய பாட்டு ஒன்றில் 'அவலான் என் ஊர்' என்கிற மாதிரி ஹர்ட் பாடியிருந்தார். புது வரைபடங்களில் அப்படி ஒரு ஊர் இல்லை. ஹாஸ்கின்ஸ் 19-ம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் அவலானைக் கண்டுபிடித்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் இருந்தவர்கள் ஆச்சரியமே படவில்லை. அதோ அந்த மேட்டுப் பக்கம் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

அங்கே இருந்த பெரியவருக்கு வயது எழுபது. ஒரு வெள்ளைக்காரன் வீடு தேடி வந்து, பெயரைச் சொல்லிக் கேட்கிறான். 1963-ல், மிஸ்ஸிஸிப்பியில், ஒரு கறுப்பருக்கு அது நல்ல சகுனம் இல்லை. பக்கத்து நகரமான கிரீன்வுட்டில் அப்போதுதான் கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சூடுகூட நடந்திருந்தது. வந்திருப்பது போலீஸ் அல்லது எஃப்.பி.ஐ. என்றே ஹர்ட் நினைத்தார். நாம என்ன தப்பு பண்ணினோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார், பாவம்.

வந்தவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஜான் ஹர்ட் என்பது ஒன்றும் அபூர்வமான பெயர் இல்லை. இவர்தான் அவர் என்று எப்படி உறுதி செய்வது? ரேஷன் கார்டா கேட்க முடியும்? ஹாஸ்கின்ஸ் தன்னுடைய கிடாரை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தார்.

பெரியவர் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் என்ன ஆச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கட்டைவிரலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

* * *

ஒரு சின்னப் பரிசோதனை. இடது கையால் மேஜைமேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே சீராகத் தட்டுங்கள். நிறுத்தக் கூடாது. இப்போது வலது கையால் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டின் மெட்டைத் தட்டுங்கள். இரண்டு வரி தாண்டுவதற்குள் இடது கை தன் வேலையை விட்டுவிட்டு வலது கையின் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும். நான் முயற்சி செய்து பார்த்துத் தோற்றவன்.

ப்ளூஸ் கிடார்க்காரர்கள் இந்த இரண்டு வேலையையும் ஒரே கையால் செய்தார்கள். கூடவே பாடவும் செய்தார்கள்.

கிடாரில் ஆறு தந்தி. அதில் மூன்று தடிமன், மூன்று மெலிசு. தடித்த தந்திகள் கட்டைவிரலின் ராஜ்யம். அது 'டும்... டும்...' என்று தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மெலிந்த தந்திகளில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டை மீட்டும். வீணை வித்வான்கள் மற்ற விரல்களால் ராகத்தை வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தொடுவார்களே, ஏறத்தாழ அந்த மாதிரி. இங்கே அந்த உத்தியோகம் கட்டைவிரலுக்கு.

இந்த உத்தி பியானோவுக்கு ரொம்பக் கடன்பட்டது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் ராக்டைம் என்ற பியானோ இசை சக்கைப்போடு போட்டது. இடது கை தாளம், வலது கை மெட்டு. ஆனால் பருத்திக் காட்டில் வேலை பார்ப்பவன் பியானோவுக்கு எங்கே போவான்? வாங்கினாலும் குடிசைக்குள் நுழையுமா? அவனுக்குக் கட்டுப்படியானது, சியர்ஸ் ரோபக் மாதிரி கம்பெனிகள் கேட்டலாக் அனுப்பித் தபாலில் விற்ற மலிவு விலைக் கிடார். பத்து விரல் செய்கிற வேலையை மூன்று விரலுக்குப் பழக்கினார்கள்.

சரி, எல்லாரும் ஒரே மாதிரிதான் வாசித்தார்களா? அங்கேதான் சுவாரஸ்யமே.

* * *

முதலில் நம் பெரியவர். ஜான் ஹர்ட்.

சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு கிடார்க்காரர் அவ்வப்போது இவர்கள் வீட்டில் வந்து தங்குவார். அவர் தூங்கினதும் பையன் மெதுவாகக் கிடாரை எடுத்து வாசித்துப் பார்ப்பான். அப்புறம் அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார். குருநாதர் யாரும் இல்லை. ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பழகிய கை, கடைசிவரை யாரையும் அதட்டியதே இல்லை. ஹர்ட்டின் கட்டைவிரல் கடிகாரம் மாதிரி, தடித்த தந்திகளில் மாறி மாறி விழும். வேகமும் கூடாது, குறையவும் செய்யாது. அதன் மேலே மற்ற இரண்டு விரல்களும் குழந்தைகள் மாதிரி குதித்து விளையாடும். தாளம் விழுகிற இடத்தில் விழாமல், இடுக்கில் விழும். குரலும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தாத்தா குரல். கொலையைப் பற்றிப் பாடினாலும் ஒரு சாந்தம்.

அவலானிலிருந்து நூறு மைலுக்குள்தான் டாக்கரி என்ற பருத்திப் பண்ணை. அங்கே சார்லி பேட்டன் என்று ஒருத்தர். இவர் கை முற்றிலும் வேறு ஜாதி. சனிக்கிழமை ராத்திரி, சாராயக் கூட்டம், ஆட்டம், கூச்சல். மைக் கிடையாது. அத்தனை சத்தத்துக்கு மேலே ஒற்றைக் கிடார் கேட்டாக வேண்டும். பேட்டன் தந்தியை மீட்ட மாட்டார், இழுத்துச் சுண்டுவார். அது பலகையில் 'சுளீர்' என்று அடிக்கும். கிடார் உடம்பைக் கையால் தட்டுவார், தரையைக் காலால் உதைப்பார். தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், முழங்கால்களுக்கு நடுவே வைத்தும் வாசிப்பார். இதெல்லாம் கோமாளித்தனம் என்று கூட வாசித்த சன் ஹவுஸ் முகம் சுளித்தார். ஆனால் 1929-ல் பேட்டன் பாடிய 'போனி ப்ளூஸ்' கேட்டால் தெரியும். ஹர்ட்டின் கட்டைவிரல் கடிகாரம் என்றால், இவருடையது பறை.

மூன்றாவது ஆள் ஸ்கிப் ஜேம்ஸ். ஊர் பென்டோனியா. அதுவும் அதே மாநிலம், அதே நூறு மைல் வட்டம். ஆனால் கிடாரைச் சுருதி சேர்ப்பதிலேயே ஊர் மாறிவிடும். பொதுவாகத் திறந்த தந்திகளை மீட்டினால் சந்தோஷமான மேஜர் ஒலி வரும்படி பலர் சுருதி சேர்ப்பார்கள். பென்டோனியாக்காரர்கள் மைனரில் சேர்த்தார்கள். விரலே வைக்காமல் சும்மா தடவினால்கூடச் சோகம் கசியும். ஜேம்ஸ் அதில் மூன்று விரலின் நகங்களால் மிக லேசாக, மிக வேகமாக வாசித்தார். மேலே கள்ளக்குரலில் உச்சத்தில் பாடுவார். 1931-ல் வந்த அவருடைய 'டெவில் காட் மை உமன்' பாட்டை ராத்திரி தனியாகக் கேட்காதீர்கள். முதுகில் ஜில்லென்று ஏதோ ஊரும்.

ஒரே மாநிலம், ஒரே பருத்தி, ஒரே வறுமை, ஏறத்தாழ ஒரே காலகட்டம். மூன்று கைகள், மூன்று உலகங்கள். 'ஃபீல்' என்று இசைக்காரர்கள் சொல்வது இதைத்தான். தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுவதா, பின்னால் விழுவதா, தொடுவதா, அடிப்பதா, பிடுங்குவதா என்பதில் இருக்கிறது அத்தனையும். அதை எழுத்தில் குறிக்க முடியாது. யாரும் யாருக்கும் விற்கவும் முடியாது.

விற்பது என்றதும் காமர்ஸ் படித்தவனுக்குக் கை பரபரக்கிறது. கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

* * *

இவர்களில் பலரும் வாழ்ந்தது வாரத்துக்குப் பயிர் செய்கிற உலகத்தில். நிலம் முதலாளியுடையது. வீடு, கோவேறு கழுதை, விதை எல்லாம் அவர் கொடுப்பார். அரிசி, மாவு, துணிமணி பண்ணைக் கடையில் கடனுக்கு. அறுவடையில் பாதி முதலாளிக்கு. மீதிப் பாதியிலிருந்து வருஷக் கடனும் வட்டியும் கழித்துக்கொண்டு பாக்கியைக் கொடுப்பார்கள். பல குடும்பங்களுக்கு வருஷக் கடைசியில் பாக்கி என்பது கையில் வாங்குவதாக இருக்காது, அடுத்த வருஷத்துக்குக் கொடுக்க வேண்டியதாக இருக்கும். பேரேடு முதலாளியிடம். அதைக் கேள்வி கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. பற்று வரவுக்கு இரண்டு பக்கம் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நோட்டில் ஒரே பக்கம்தான்.

இசைத்தட்டு வியாபாரமும் இதற்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம் இல்லை. 1920-ல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே கம்பெனிக்குப் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' தாறுமாறாக விற்றது. கறுப்பர்களும் காசு கொடுத்து ரெக்கார்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே தெற்கே கிளம்பிவிட்டார்கள்.

பேட்டனையும் ஜேம்ஸையும் பதிவு செய்த பாரமவுண்ட் கம்பெனியின் தாய்க் கம்பெனி எது தெரியுமா? விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்கிற ஒரு தொழிற்சாலை! கிராமபோன் பெட்டிக்கு மர வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெட்டி விற்க வேண்டுமென்றால் போட்டுக் கேட்க ரெக்கார்டு வேண்டுமே. அதனால் அதையும் தயாரித்தார்கள். தட்டுகளின் தரம் படுமோசம். நூற்றாண்டின் மிகப் பெரிய கலைஞர்கள் சிலர் இன்றும் கரகரப்புக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பாடகர்களுக்குப் பொதுவாகப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தடவைக் காசு. அதோடு கணக்கு முடிந்தது. ஹர்ட்டுக்குக் கிடைத்தது பாட்டுக்கு 20 டாலர். 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் எட்டுப் பாட்டுப் பாடினார். வெளியே வந்தது இரண்டு, அதாவது ஒரு தட்டு. டிசம்பரில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள். ஊர் ஞாபகத்தில் அங்கே பாடியதுதான் அந்த அவலான் பாட்டு. அடுத்த வருஷம் பங்குச் சந்தை விழுந்தது, ரெக்கார்டு வியாபாரம் படுத்தது. ஹர்ட் திரும்பவும் வயலுக்குப் போய்விட்டார். பாரமவுண்ட் 1932-ல் பதிவு செய்வதை நிறுத்தியது. ஜேம்ஸின் தட்டுகள் விற்றதே சொற்பம். வெறுத்துப்போய்த் தேவாலயத்துப் பக்கம் போனார். பேட்டன் 1934-ல் இறந்தார்.

இதே பாரமவுண்ட் 1929-ல் ஒரு விளம்பரத் தந்திரம் செய்தது. பேட்டனின் ஒரு தட்டை அவர் பெயர் போடாமல் 'முகமூடி மன்னன்' என்ற பாணியில் ஒரு புனைபெயரில் வெளியிட்டார்கள். யார் என்று சரியாகச் சொன்னால் ஒரு ரெக்கார்டு இலவசம். வியாபாரிகளுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். பெயரை மறைத்தாலும் கையையும் குரலையும் மறைக்க முடியாது!

நம்மூரில் எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்கிறோம். யோசித்தால் கையெழுத்தைவிட உறுதியானது கைநாட்டுதான். கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டுவிடலாம். கட்டைவிரல் ரேகை ஒருத்தருக்கு மட்டும்தான் சொந்தம். ப்ளூஸ்காரர்கள் பாட்டின் உரிமையைக் காகிதத்தில் இழந்தார்கள். ஆனால் பாட்டுக்குள்ளே கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டுப் போனார்கள்.

* * *

கிழக்குக் கரைப் பக்கம் போனால் கைநாட்டு இன்னும் நுணுக்கமாகிறது. பிளைண்ட் பிளேக் என்று ஒரு பார்வையற்ற கலைஞர். 1926-ல் பதிவு செய்ய ஆரம்பித்தார். இவர் கிடார் பியானோ மாதிரி ஒலிக்கும் என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. ரகசியம் கட்டைவிரலில். தாளம் விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே கட்டைவிரல் ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குச் சறுக்கி விழும். கேட்பவருக்கு, யாரோ படிக்கட்டில் தடுக்கி, ஆனால் விழாமல், அதையே நடனமாக்கிவிட்ட மாதிரி இருக்கும். அவருடைய முகத்துக்குச் சாட்சி ஒரே ஒரு புகைப்படம். 1934-ல் மில்வாக்கியில் இறந்தார் என்பதே 2011-ல் இறப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் உறுதியாயிற்று.

இன்னொருவர் ரெவரெண்ட் கேரி டேவிஸ். இவருக்கும் பார்வை இல்லை. தென் கரோலினாவில் பிறந்தவர், நியூயார்க்கின் ஹார்லம் தெருக்களில் பாடிப் பிரசங்கம் செய்தவர். வலது கையில் இரண்டே விரல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இடது மணிக்கட்டு முன்பொரு முறை முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கோணல் கையால் மற்றவர்களுக்கு எட்டாத சுரக்கூட்டுகளைப் பிடித்தார். இவர் கணக்கில் மட்டும் வரவுப் பக்கத்தில் ஒரு நல்ல எண் உண்டு. பீட்டர், பால் அண்ட் மேரி குழு 1962-ல் இவருடைய சாம்சன் பாட்டைப் பாடியது. வந்த ராயல்டியில் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். தெருவில் பாடிய மனிதருக்கு, அறுபது வயசுக்கு மேல், ஒரு கூரை.

அப்புறம், ராபர்ட் ஜான்சன். இவர் பெயர் வராமல் ப்ளூஸ் கட்டுரை எழுதினால் அடிக்க வருவார்கள். 1936-லும் 1937-லும் டெக்சாஸில் 29 பாட்டுப் பதிவு செய்துவிட்டு, 1938-ல் 27 வயதில் இறந்தவர். பிற்காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் முதல் தடவை இவர் ரெக்கார்டைக் கேட்டுவிட்டு, கூட வாசிக்கிற இன்னொரு ஆள் யார் என்று கேட்டாராம். இன்னொரு ஆள் கிடையாது. அது ஜான்சனின் கட்டைவிரல்!

நாற்சந்தியில் சாத்தானிடம் ஆத்மாவை விற்று இந்த வித்தையை வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. சினிமா வரைக்கும் போன கதை. நிஜத்தில், ஆரம்பத்தில் சுமாராக வாசித்தவர், ஹேஸல்ஹர்ஸ்ட் பக்கம் போய் ஐக் ஸிம்மர்மேன் என்ற கிடார்க்காரரிடம் பழகினார். ராத்திரியில், யாருக்கும் தொந்தரவில்லாமல், இடுகாட்டில் உட்கார்ந்து இருவரும் சாதகம் செய்தார்கள் என்று சொல்வார்கள். எனக்குச் சாத்தானைவிட இந்த வாத்தியாரைத்தான் பிடித்திருக்கிறது. ஒரு கறுப்பின இளைஞன் உழைத்துக் கற்றுக்கொண்டான் என்பதை நம்புவதைவிட, பேய் கொடுத்தது என்று நம்புவது பலருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது.

கைநாட்டு அழியாது என்று சொன்னேன். அதிலும் ஒரு சோகம் உண்டு. சிலருடைய கைநாட்டின் மேல் வேறொருவர் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

கட்டைவிரல் தாளத்தை மாற்றி மாற்றி வாசிக்கும் முறைக்குக் கிடார் வகுப்புகளில் 'டிராவிஸ் பிக்கிங்' என்று பெயர். மெர்ல் டிராவிஸ் என்ற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டு நட்சத்திரம் அதைப் புகழ் பெறச் செய்தார். அவர் யாரிடம் கற்றார்? கென்டக்கியில் அவர் ஊர்ப்பக்கத்து மோஸ் ரேகரிடம். டிராவிஸே அதை மறைக்காமல் சொன்னவர்தான். ரேகர் கென்னடி ஜோன்ஸிடம். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கூலித் தொழிலாளியிடம் போய் நிற்கும். 1931-ல் இறந்துபோனார். ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை. உலகம் முழுக்க விரல்கள் அவரை வாசிக்கின்றன. அவர் வாசித்தது எப்படி இருந்தது என்பதை இனி யாராலும் கேட்க முடியாது.

* * *

இப்போது ஒரு பாட்டியம்மா. எலிசபெத் காட்டன். 1893-ல் வட கரோலினாவில் பிறந்தவர்.

சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலைக்குப் போனார். சம்பளம் மாதம் 75 சென்ட். ஆசைப்பட்ட கிடாரின் விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போடுங்கள், முழுசாக ஐந்து மாதச் சம்பளம். சேர்த்து வைத்து வாங்கிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால் அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். கிடாரோ வலதுகைக்காரர்களுக்கானது. தந்திகளை மாற்றிக் கட்டலாம் என்று சொல்லித்தர ஆளில்லை. அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். என்ன ஆகும்? தடித்த தந்திகள் கீழே வந்துவிடும், மெலிந்தவை மேலே போய்விடும். அதனால் ஊரெல்லாம் கட்டைவிரல் தாளம் போட, இவர் ஆள்காட்டி விரலால் தாளம் போட்டார். மெட்டு வாசித்தது கட்டைவிரல்! பதினொன்று, பன்னிரண்டு வயதில், வீட்டருகே போகும் கூட்ஸ் வண்டியைப் பார்த்து 'ஃபிரெய்ட் டிரெயின்' என்ற பாட்டைக் கட்டினார்.

அப்புறம் கல்யாணம், குழந்தை, தேவாலயம். கிடாரை வைத்துவிட்டார். ஒன்றிரண்டு வருஷம் இல்லை, பல பத்தாண்டுகள்.

1940-களில் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது, வழிதவறி அழுத ஒரு சிறுமியை அம்மாவிடம் சேர்த்தார். அந்த அம்மாள் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். சிறுமி பெக்கி சீகர், பின்னாளில் புகழ்பெற்ற பாடகி. அந்தப் பழக்கத்தில் அவர்கள் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார் எலிசபெத். வீடு முழுக்க வாத்தியங்கள். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கிடாரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். வீடே அசந்துபோனது. வீட்டு வேலைக்கார அம்மா இப்படி ஒரு வித்வாம்சினியா!

பெக்கி அந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், பாடினார். கேட்ட இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். 1957-ல் அது அங்கே பெரிய ஹிட். கறுப்பினச் சிறுமி ஒருத்தி அரை நூற்றாண்டுக்கு முன்னால் கட்டிய பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் லண்டனில்! சீகர் குடும்பம் துணை நின்று, வழக்கு, பேச்சுவார்த்தை என்று போராடித்தான் அவர் பெயர் பாட்டில் ஏறியது.

1958-ல், 65 வயதில், முதல் ஆல்பம். பதிவு செய்தவர் அந்த வீட்டுப் பையன் மைக் சீகர். 1985-ல் 92 வயதில் கிராமி விருது. 1987-ல் மறைந்தார். 2022-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் சேர்த்தார்கள். பாட்டைப் பதிவு செய்துகொண்டவர்களால் அந்தத் தலைகீழ்க் கையைப் பதிவு செய்துகொள்ள முடியவில்லை. 'காட்டன் பிக்கிங்' என்றுதான் அந்த முறைக்கு இன்றைக்கும் பெயர்.

கையும் மறக்கும் என்பதற்கு ஒரு உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பேட்டனைப் பார்த்து முகம் சுளித்தாரே, சன் ஹவுஸ், அவரை 1964-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் மூன்று இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். கிடாரைத் தொட்டுப் பல வருஷமாகியிருந்தது. சொந்தப் பாட்டுகளே மறந்துபோயிருந்தன. ஆலன் வில்சன் என்ற இருபத்தொரு வயசுப் பையன், பழைய ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவன், அந்தப் பெரியவர் எதிரே உட்கார்ந்து அவர் எப்படி வாசித்தார் என்பதை அவருக்கே வாசித்துக் காட்டினான். கை மெல்ல மெல்ல ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் கொலம்பியா கம்பெனிக்கு ஒரு முழு ஆல்பம் கொடுத்தார். தன் கைநாட்டைத் தொலைத்த மனிதருக்கு, பத்திரமாக வைத்திருந்த யாரோ திருப்பிக் கொடுத்த மாதிரி.

அதே 1964-ல் ஸ்கிப் ஜேம்ஸையும் டுனிகா என்ற ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டுபிடித்தார்கள். சில வாரங்களில் நியூபோர்ட் இசை விழா மேடையில் அதே ஜில்லென்ற குரல். 1966-ல் க்ரீம் என்ற ராக் குழு அவர் பாட்டை எடுத்துப் பாடியதில் ராயல்டியும் வந்தது. 1969-ல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

* * *

சரி, அவலானுக்குத் திரும்புவோம்.

பெரியவர் கிடாரை வாங்கினார் என்று சொன்னேன் இல்லையா? வாசித்தார். இத்தனை வருஷ வயல் வேலையில் தோல் தடித்துப்போன கை. ஆனாலும் கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி விழுந்தது, சீராக. மேலே இரண்டு விரல் குதித்தன. ஹாஸ்கின்ஸுக்கு வேறு எந்த அத்தாட்சியும் தேவைப்படவில்லை.

அந்த வருஷமே நியூபோர்ட் விழாவில் ஹர்ட் வாசித்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கல்லூரிகள், காபி கிளப்புகள், டெலிவிஷன் என்று மூன்று வருஷம் போல ஊர் ஊராகப் போனார். 1966 நவம்பர் 2-ம் தேதி இறந்தார். அவலான் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஓய்வாக இருக்கும்போது, அவர் 1928-ல் பாடிய 'ஃபிராங்கி'யை ஒரு தடவை கேளுங்கள். உடனே 1963-க்குப் பிறகு அதே பாட்டை அவர் பாடிய பதிவைக் கேளுங்கள். இணையத்தில் இரண்டுமே கிடைக்கின்றன. குரல் கொஞ்சம் கரகரத்திருக்கும், மூச்சு கொஞ்சம் குறைந்திருக்கும். நடுவில் ஒரு பொருளாதார வீழ்ச்சி, ஒரு உலகப்போர், முப்பத்துச் சொச்சம் அறுவடை.

பாட்டைக் கவனிக்க வேண்டாம். கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள். அதே ஆள்தான்.